கிளேஸ் போடாத பட்டை

பெரியம்மாள் ஒரே ஒரு நாள் லீவு போட்டால் தமிழ்நாடு மொத்தமும் இருட்டில் கிடக்கும். இதில் மிகை எதுவும் இல்லை, கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறது. வீட்டுக்கு வீடு மீட்டர் பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கிறதே பீங்கான் ஃபீஸ் கட்டை, அது அவள் கை படாமல் வெந்து வெளியே வந்ததே கிடையாது. குண்டு பல்பைக் கண்டுபிடித்தவர் இன்றைக்கு உயிரோடு இருந்தால் விருத்தாசலம் ஜங்ஷனில் வந்து இறங்கி, செராமிக் எஸ்டேட்டுக்கு வழி கேட்டு, அவள் காலில் விழுந்துவிட்டுத்தான் டீயே குடிப்பார். நிலாவுக்குப் போன ராக்கெட்டில்கூட அவள் அடுக்கின பீங்கான் ஒன்று இருந்ததாகக் கேள்வி. கேள்விப்பட்டது அவள் வீட்டில்தான், வேறு எங்கும் இல்லை.

இவ்வளவு பெரிய ஆளிடம், ஏதோ ஒரு படிவத்தை நிரப்புவதற்காக, "என்னா வேலை பாக்குறீங்கம்மா?" என்று கேட்டால், "அடுக்குற வேலை" என்பாள்.

"என்னாத்த அடுக்குறீங்க?"

"குடுக்கிறத."

"யாரு குடுக்கிறத?"

"எல்லாரும் குடுக்கிறத. சீக்கிரம் எழுதிக்கய்யா, பின்னாடி ஆளு நிக்குது."

எஸ்டேட்டில் இருப்பவை எல்லாம் சின்னச் சின்னக் கம்பெனிகள். ஒருவர் ஃபீஸ் கட்டை போடுவார், ஒருவர் பொம்மை போடுவார், ஒருவர் ஊறுகாய் ஜாடி போடுவார். எல்லாருக்கும் பொதுவாக நீளமாக ஒரு சூளை, ரயில் குகை மாதிரி. காய்ந்த சரக்கை இரும்பு வண்டியில் அடுக்கி இந்தப் பக்கம் தள்ளினால், தண்டவாளத்தின் மேல் ஊர்ந்து ஊர்ந்து, வெந்து, ஆறி, அந்தப் பக்கம் வரும். அந்த வண்டியில் அடுக்குகிறவள்தான் பெரியம்மாள். கம்மாபுரம் பக்கத்தில் இருந்த நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்ட வருஷம் இங்கே வந்து சேர்ந்தாள், இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவள் மண் பிசைந்ததில்லை, அச்சு ஊற்றியதில்லை, பளபளப்பு வர கிளேஸ் பூச்சில் முக்கியெடுத்ததில்லை, நெருப்பும் போட்டதில்லை. எதன் பக்கத்தில் எது இருக்கலாம், எது எதை ஒட்டிக்கொள்ளும், எதற்கு அடியில் எத்தனை முட்டுக் கொடுக்க வேண்டும், இதுதான் அவள் வேலை.

முட்டு என்பது சரக்கைத் தாங்கி நிற்கும் பட்டை, தூண், வில்லை. வெந்த பிறகு அவற்றை யாரும் வாங்க மாட்டார்கள், மறுபடியும் சூளைக்கே போகும். வண்டி வெளியே வந்ததும் அவள் கை தானாகவே பிரிக்கும். கிளேஸ் மின்னினால் சரக்கு, சொந்தக்காரரின் கூடைக்குப் போகும். மின்னாவிட்டால் முட்டு, அவள் தகரத் தொட்டிக்குப் போகும். இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சட்டத்தை மீறி ஒரு பொருள் வந்ததில்லை, ரெஜினா வரும்வரை.

ரெஜினா, அச்சு ஊற்றும் சார்லஸின் மகள். எம்.எஸ்.சி. முடித்து மூன்று வருஷமாக பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடையில் அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாள். தனக்கும் இரண்டு கல்லூரிகளில் போட்டாள். இரண்டிலும் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். பதற்றத்தில் இருபது நிமிஷப் பாடத்தை ஆறு நிமிஷத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இப்போது திட்டக்குடி பக்கத்தில் ஒரு கல்லூரி, திங்கட்கிழமை காலை பத்து மணி. இதுவும் இல்லையென்றால் திருப்பூரில் மாமா பார்த்து வைத்திருக்கும் பனியன் கம்பெனிக்குப் பில் போடப் போவதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

இந்தத் தடவை கையில் ஒரு பொருள் இருந்தால் வாய் நிதானமாகும் என்று நினைத்தாள். அதனால் ஒரு மாடல். சார்லஸ் மூன்று உருண்டை செய்தார், சிவப்பு, மஞ்சள், பச்சைக் கிளேஸ். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு முளை, ஒன்று வட்டம், ஒன்று சதுரம், ஒன்று முக்கோணம். கூடவே முழ நீளத்தில் வெள்ளையாக ஒரு பட்டை, அந்த முளைகள் உட்காருவதற்கு மூன்று குழியோடு.

"அது என்னா பாடம்?" என்று பெரியம்மாள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள். நாலு சாயங்காலம் போச்சு.

"ஒடம்புல செல்லு இருக்குதுங்களா அத்தே, ஒவ்வொன்னும் ஒரு வூடுன்னு வச்சிக்கங்க. கையில வெட்டுப்பட்டுடுச்சி, புதுத் தோலு வேணும்னு வாசல்ல ஒரு சேதி வந்து தட்டுது. அது உள் ரூம்பு வரைக்கும் போவணும். அங்கதான் என்னா செய்யணும்னு எழுதி வச்சிருக்குது."

"தட்டுனவனே உள்ள போயிச் சொல்ல வேண்டிதான?"

"அவன உள்ள வுட மாட்டாங்க. உள்ள மூணு பேரு இருக்காங்க. மொத ஆளு ரெண்டாவது ஆள எழுப்பி வுடுவான், ரெண்டாவது ஆளு மூணாவது ஆள எழுப்புவான், அவன் ஓடிப்போயி உள்ள சொல்லுவான்."

"எழுப்புறதுன்னா தட்டி எழுப்புறதா?"

"பாஸ்பேட்டுன்னு ஒன்னத் துளியோண்டு ஒட்டி வுடுறது. நெத்தியில பொட்டு வச்ச மாதிரி. வச்ச ஒடனே முழிச்சிக்குவான்."

"சரி, எழுப்பிட்டான். முடிஞ்சிதா?"

"எங்க முடிஞ்சிது? உள்ள மாசி மகத்து அன்னிக்குக் கோயில் வாசல் மாதிரி கூட்டம். ஒருத்தன ஒருத்தன் தேடிப் புடிக்கிறதுக்குள்ள புண்ணு சீழ் வச்சிடும். இன்னொன்னு, இதே ஆளுங்க வேற சேதிக்கும் ஓடுறவங்க. தப்பான ஆளுக்குப் பொட்டு வச்சிட்டா? அதுக்குத்தான் ஸ்கேஃபோல்டுன்னு ஒரு புரோட்டீன். கட்டடத்துக்குச் சாரம் கட்டுறாங்கள்ல, அந்தப் பேரு. மூணு பேரையும் வரிசையா, பக்கத்துல பக்கத்துல புடிச்சி வச்சிக்கும்."

"புடிச்சி வச்சி?"

"அவ்வளவுதான்."

"அது யாருக்கும் பொட்டு வைக்காதா?"

"பெரும்பாலும் வைக்காது."

"எதுவும் செய்யாம நிக்கும்?"

"நிக்கும்."

"நல்லா இருக்குது. எங்க சூப்பர்வைசருக்குத் தனியா ஒரு பாடம் வச்சிருக்காங்க."

பட்டைக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கலாம். சார்லஸ் நீலக் கிளேஸைக் கலக்கியும் வைத்திருந்தார். ரெஜினாதான் பிடிவாதமாக வேண்டாம் என்றாள். அது கண்ணுக்கே தெரியக் கூடாதாம், மூன்று உருண்டைகள்தான் தெரிய வேண்டுமாம். வெள்ளிக்கிழமை வண்டி வெளியே வந்தது. மின்னிய மூன்றும் சார்லஸின் கூடைக்குப் போயின. மின்னாத ஒன்று, நாலு நாள் அதன் பெருமையைக் கேட்ட அதே பெரியம்மாளின் கையால், தகரத் தொட்டிக்குள் டமால் என்று விழுந்தது. அவளுக்கு நினைவே இல்லை. கைக்கு ஒரு சட்டம், காதுக்கு ஒரு பாடம், இரண்டும் எங்கேயும் சந்தித்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ரெஜினா வந்தாள். கூடையைப் பார்த்தாள். கவிழ்த்துப் பார்த்தாள்.

"அத்தே, பட்டை எங்க?"

"எந்தப் பட்டை?"

"நாலு நாளா சொன்னனே!"

"நாலு நாளா நீ சொன்னது சாரம்டி. பட்டைன்னு எங்கடி சொன்ன?" என்று கத்திய பிறகுதான் பெரியம்மாளின் முகம் மாறியது. போய்த் தொட்டியைக் கவிழ்த்தாள். நானூறு முட்டு தரையில் கொட்டியது. எல்லாம் வெள்ளை, எல்லாம் பட்டை, பாதிக்குமேல் ஏதோ ஒரு குழி. சார்லஸ் உட்கார்ந்தார், ரெஜினா உட்கார்ந்தாள். உருண்டையின் முளையை ஒவ்வொரு குழியிலும் வைத்து வைத்துப் பார்த்தார்கள். வட்டம் உட்கார்ந்தால் சதுரம் உட்காரவில்லை.

இந்த இடத்தில் வேல்விழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரியம்மாளின் மகள், வயது பதினேழு. பதினோராம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, எஸ்டேட்டில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறாள். ஏற்கெனவே ஒரு தடவை தன் அம்மாவின் முட்டு பன்னிரண்டுக்குக் கண் எழுதி வைத்து, தொட்டிக்குள் கைவிட்டவளை அலறவிட்டவள். அவள் அப்போது ஓர் உடைந்த முட்டில் கறுப்பு மையால் வட்டம், சதுரம், முக்கோணம் மூன்றையும் கச்சிதமாக எழுதி, "கெடச்சிடுச்சி! கெடச்சிடுச்சி!" என்று தூக்கிக் காட்டினாள். ரெஜினா எழுந்து ஓடிவந்து வாங்கினாள். விரலை வைத்தாள். மை விரலில் ஒட்டியது. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "நல்லா வரஞ்சிருக்க" என்றாள்.

பெரியம்மாள் வைத்த அறை மட்டும் நன்றாகவே கேட்டது. வேல்விழி அதன் பிறகு சாயங்காலம் வரை யாரும் சொல்லாமலே நானூறு முட்டுகளையும் ஒன்றொன்றாக அடுக்கினாள்.

அறைந்த கையைப் பார்த்துக்கொண்டே பெரியம்மாள் நின்றாள். கைக்கு ஏதோ நினைவு வந்துவிட்டது.

"காலையில பதினோராம் நம்பர் வண்டியில ஃபீஸ் கட்டை அடுக்கினேன்" என்றாள் மெதுவாக. "நடுத் தட்டுக்கு ஒரு முட்டு வச்சேன். எடுக்கும்போது லேசா இருந்துச்சி. என்னாடா இது, மாவு மாதிரி கனமே இல்லன்னு நெனச்சேன்."

"அந்த வண்டி எங்க அத்தே?"

பெரியம்மாள் சூளையைக் காட்டினாள்.

"நிறுத்த முடியாதா?"

"உள்ள இருவது வண்டி நிக்குது பாப்பா. ஒன்ன நிறுத்துனா இருவதும் வீணு."

"திருப்பி இழுக்க?"

"அது என்னா தறி நாடாவா, போயிப் போயி வர? நாளைக்கு நாலு மணிக்குத்தான் வெளிய வரும்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, அதே உடுப்போடு ரெஜினா வந்து சூளை வாயில் உட்கார்ந்தாள். நாலு மணிக்கு வண்டி வந்தது. தூரத்திலேயே பெரியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். நடுத் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து, அறுபது ஃபீஸ் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாக வந்திருந்தன. முட்டு செய்கிற மண் வேறு, அது எத்தனை தடவை வெந்தாலும் அசையாது. சார்லஸ் பட்டையைச் செய்தது சரக்கு மண்ணில். இரண்டாவது சூட்டில், தலைமேல் பாரத்தோடு, அது இளகி வில்லாக வளைந்துவிட்டது. வட்டக் குழி முட்டை வடிவமாகிவிட்டது. சதுரக் குழி கோணிக்கொண்டது. முக்கோணம் மட்டும் தப்பித்தது.

ஃபீஸ் கட்டைக்காரர் வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். இனி பெரியம்மாளிடம் ஒரு வாரம் பேசப் போவதில்லை என்றார். பெரியம்மாளுக்கு அந்த ஒரு செய்திதான் அன்று நல்ல செய்தி.

"புதுசா ஒன்னு போட்டுடலாம்க்கா" என்றார் சார்லஸ். "காயறதுக்கு ஒரு வாரம், வேவ ரெண்டு நாளு."

"நாளைக்குப் பத்து மணிக்கு வகுப்பு, ஒனக்கு ஒரு வாரமா? போயி அந்த ஓரமா நில்லு."

"வுடுங்க அத்தே" என்றாள் ரெஜினா. "திருப்பூர்ல வெயிலு கொறச்சலாம்."

பெரியம்மாளுக்கு அங்கேதான் பொத்துக்கொண்டு வந்தது. "அஞ்சு வருசம் படிச்ச படிப்ப ஒரு பட்டைக்காவத் தூக்கிப் போடுவியா? நான் ஒரு தடவ தூக்கிப் போட்டதுக்கே இந்தப் பாடு படுறேன்! கொண்டா இங்க அந்தச் செவப்ப."

சரக்கின் அடியில் வழிந்து உறைந்த கிளேஸை உரசி எடுக்க ஒரு கரடுக்கல் இருக்கும். அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வளைந்த குழியை நிமிர்த்த முடியாது. அதனால் குழிக்குத் தகுந்த மாதிரி முளையை உரசினாள். உரசுவாள், வைத்துப் பார்ப்பாள், திட்டுவாள், மறுபடியும் உரசுவாள். சார்லஸைத் திட்டினாள், சூளையைத் திட்டினாள், வாசலில் நின்று தட்டுகிறவனை உள்ளே விடாத அந்தச் செல்லைத் திட்டினாள். இருட்டுவதற்குள் சிவப்பு உட்கார்ந்துவிட்டது. பின்னாலேயே மஞ்சளும் உட்கார்ந்தது. பட்டை வளைந்திருந்ததால் நேராக இருந்தால் தள்ளித் தள்ளி நின்றிருக்க வேண்டிய மூன்றும் இப்போது தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன.

ரெஜினா அதையே பார்த்தாள். "அத்தே, நெசத்துலயும் அது நேரா வெறப்பா நிக்காது. நெறைய எடத்துல வளையும், நெளியும். நான்தான் ஸ்கேல் வச்சி நேரா வரஞ்சிட்டேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்றாள் பெரியம்மாள்.

திங்கட்கிழமை காலை, வயிற்றுவலி என்று சூளைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, பெரியம்மாள் திட்டக்குடி பஸ்ஸில் ஏறினாள். ரெஜினாவை சார்லஸ் பைக்கில் அழைத்துப் போவதாக ஏற்பாடு. அந்த ரோட்டில், அந்த வண்டியில், பீங்கானைத் தர மாட்டேன் என்று பெரியம்மாள் கட் அண்ட் ரைட்டாகச் சொல்லிவிட்டாள். தன் நல்ல சேலை ஒன்றில் மாடலைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் ஒரு பூக்காரம்மா. "என்னாங்க, பொம்மையா?"

"பொம்மை இல்ல. வுடுங்க, சொன்னாப் புரியாது." அரைக் கிலோமீட்டர் போனது. அவளுக்கே பொறுக்கவில்லை. சேலையை விலக்கினாள். "மூணு பேரு இருக்காங்க. ஒருத்தன் ஒருத்தன எழுப்பி வுடணும். இந்தா, அடியில வெள்ளையா இருக்குது பாருங்க, இதுக்கு ஒரு வேலையும் கெடயாது. ஆனா இது இல்லன்னா மூணு பேரும் இருந்தும் இல்லாத மாதிரி. சேதி போவாது. புண்ணு ஆறாது."

பூக்காரம்மா மூன்று உருண்டையையும் விரலால் தொட்டு எண்ணினாள். "எங்க மாமியா செத்தப்பறம் எங்க வூட்டுல அண்ணன் தம்பி மூணு பேரும் இப்பிடித்தான் ஆயிட்டாங்க" என்றாள். பெரியம்மாள் சேலையை மறுபடியும் இழுத்து மூடினாள்.

கல்லூரியில் வகுப்பு கீழ்த்தளம். பெரியம்மாள் ஜன்னலுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டாள். ரெஜினா முதலில் வேகமாகத்தான் ஆரம்பித்தாள். மஞ்சள் உருண்டையைக் கையில் எடுத்ததும் வேகம் குறைந்தது. குழியில் வைக்கும்போது அவசரப்பட்டால் கீறிவிடும். பதினைந்து நிமிஷம் நல்லபடியாகப் போனது. கடைசியில் கண்ணாடி போட்ட பேராசிரியர் ஒருவர் எழுந்தார். "ஒரு பட்டையால இவ்வளவு நன்மைன்னா, செல்லுக்குள்ள பட்டை நெறைய இருந்தா சேதி இன்னும் வேகமாப் போகும், இல்லையாம்மா?"

"ஆமாம் சா..." என்று ஆரம்பித்த ரெஜினா ஜன்னலைப் பார்த்தாள்.

வெளியே பெரியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்ன கேள்வி இது! சரக்கு மூன்று, முட்டு நூறு என்றால் என்ன ஆகும்? ஒன்றை இங்கே வைப்பாய், ஒன்றை அங்கே வைப்பாய், ஒன்று எங்கேயோ கிடக்கும். அவள் கை தானாகவே காற்றில் மூன்று பொருளை மூன்று தனித்தனித் தட்டில் வைத்தது, தலை இடமும் வலமும் ஆடியது.

"இல்ல சார்" என்றாள் ரெஜினா. "அளவுக்கு மேல போனா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பட்டையில தனியா மாட்டிக்குவாங்க. மூணு பேரும் ஒரே பட்டையில சேர்றது கொறஞ்சிடும். சேதி வேகமாகாது, பலவீனமாகும்."

கண்ணாடிக்காரர் உட்கார்ந்து எதையோ எழுதினார். பெரியம்மாள் ஒரு சைக்கிள் கேரியரில் சாய்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் இரண்டு தடவை குலுங்கியது. பிறகு மூக்கைச் சிந்தி, "என்னா வெயிலு, என்னா வெயிலு" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை போன் வந்தது. ஒன்றாம் தேதி வந்து சேரச் சொன்னார்கள். ரெஜினா இனிப்போடு ஓடி வந்தபோது பெரியம்மாள் வண்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். "சந்தோசம். தள்ளி நில்லு, அந்தத் தட்டு இன்னும் ஆறல" என்றாள். வயிற்றுவலி எப்படி இருக்கிறது என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, "எந்த வயித்துவலி?" என்று மாட்டிக்கொள்ளவும் செய்தாள்.

இவ்வளவும் வேல்விழி ஒரு நோட்டில் எழுதியது. அம்மாவைக் கேலி செய்து சிரிக்க வேண்டும் என்றுதான் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெரியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, சத்தமாகப் படித்துக் காட்டினாள். ராக்கெட்டுக்குப் பெரியம்மாள் உச்சுக் கொட்டினாள். சூப்பர்வைசருக்குச் சிரித்தாள். கன்னத்தில் விட்ட அறைக்கு, "இன்னொன்னு குடுத்திருக்கணும்" என்றாள். பட்டை வளைந்ததைப் படித்ததும் வேல்விழி ஒரே தாவலில் புதன்கிழமை போனுக்கு வந்து முடித்தாள்.

"திட்டக்குடி எங்க?" என்றாள் பெரியம்மாள், கீரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அத எழுதல. எனக்கு எப்பிடித் தெரியும்? நீதான் தனியாப் போன."

"பூக்காரம்மா சொன்னத எழுதுனியா?"

"எந்தப் பூக்கா..." வேல்விழி நோட்டை மூடினாள். அவள் சுதாரித்தது ஒரு விநாடி தாமதம்.

"அந்தப் பஸ்ஸுல கடைசி சீட்டுல, துப்பட்டாவால மூஞ்ச மூடிக்கிட்டு ஒருத்தி உக்காந்திருந்தா. பெண்ணாடம் தாண்டியும் கண்டக்டரு அவகிட்ட டிக்கெட்டே கேக்கல. ஏன் கேக்கலன்னு நெனச்ச?"

வேல்விழி நோட்டை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"ரெண்டு டிக்கெட்டு வாங்குனேன்" என்றாள் பெரியம்மாள். "தாண்டுன பக்கத்த எடுத்துப் படி."